பெயரை மாற்றலாம், முகத்தை மாற்றலாம், முகவரியை?

வாய்மொழித் தேர்வுக்கு மூன்று வாரம் இருந்தது. உயர்நிலை 4 மாணவி ஒருத்தி ஆசிரியர் அறை வாசலில் கைபேசியை நீட்டிக்கொண்டு நின்றாள். "டீச்சர், க்யூஆர் கோடு ஸ்கேன் பண்ணா வேற எங்கயோ போகுது. எங்க பாட்டி பேசினது எங்க டீச்சர்?"

அதற்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன் எங்கள் மாணவர்கள் சிலர் ஒரு லாப நோக்கமற்ற அமைப்புக்காகத் தொண்டூழியம் செய்தார்கள். வீட்டுப் பெரியவர்களைப் பேசவைத்துப் பதிவு செய்வதுதான் வேலை. கம்பத்து வாழ்க்கை, பழைய சந்தை, கப்பலில் வந்த கதை என்று பல பதிவுகள் அந்த அமைப்பின் இணையத்தளத்தில் ஏறின. நல்ல பேச்சுத்தமிழுக்கு மாதிரி தேடி அலையும் நமக்கு அது ஒரு சுரங்கம். பயிற்சித்தாள்களில் அந்தப் பக்கங்களின் க்யூஆர் குறியீட்டை அச்சிட்டுக் கொடுத்திருந்தேன்.

பிறகு அந்த அமைப்பு பெயரை மாற்றியது. சின்னமும் தளமும் கூடவே மாறின, ஒரே வார இறுதியில். திங்கட்கிழமை காலை பழைய இணைப்பு எதை அழுத்தினாலும் புதிய முகப்புக்கே போனது. முகப்பு அழகுதான்: பெரிய படம், சிரித்த முகங்கள், நன்கொடைப் பொத்தான். பாட்டி மட்டும் இல்லை. மின்னஞ்சல் அனுப்பினேன். மரியாதையான பதில் வந்தது: பழைய உள்ளடக்கம் புதிய அடையாளத்தோடு பொருந்தாததால் கொண்டுவரப்படவில்லை, தேடிப் பார்க்கிறோம்.

இணைய ஆவணகம் பழைய பக்கங்களைச் சேமித்துவைக்கும் அல்லவா? அங்கே தேடினோம். எழுத்து கிடைத்தது. குரல் கிடைக்கவில்லை.

நூலை, நாடகத்தை, படத்தை விமர்சிக்க மாணவர்களுக்குக் கற்றுத்தருகிறோம். அவர்கள் நாள்தோறும் படிப்பது இணையத்தளம். அதை விமர்சிக்கக் கற்றுத்தருகிறோமா? "நல்லா இருக்கு", "நல்லா இல்ல" என்பதைத் தாண்டி ஒரு தளத்தின் மாற்றத்தை எப்படி எடைபோடுவது? அதற்காகத்தான் இந்தக் கட்டுரை. எடுத்துக்கொள்ளும் தளம் விக்கிமீடியா அறக்கட்டளையுடையது. உலகின் மிகப் பெரிய லாப நோக்கமற்ற தளங்களுள் அதுவும் ஒன்று. உங்கள் மாணவர் நேற்றிரவு செயல்திட்டத்துக்கு எட்டிப்பார்த்த இடமும் அதுவாகத்தான் இருக்கும்.

மூன்று வேலைகளைப் பிரித்துப் பாருங்கள்

தேக்கா பக்கம் ஒரு மளிகைக்கடை என்று வைத்துக்கொள்வோம். முதலாளி பெயர்ப்பலகையை மாற்றுகிறார். அது அடையாள மாற்றம். உள்ளே அலமாரிகளை நகர்த்தி வண்ணம் அடிக்கிறார், அது மறுவடிவமைப்பு. கடையையே பக்கத்துத் தெருவுக்குக் கொண்டுபோகிறார், அது இடமாற்றம்.

வாடிக்கையாளருக்கு ஒவ்வொன்றும் ஒவ்வொரு வகையான தொல்லை. பெயர் மாறினால் சந்தேகம் வரும். அலமாரி மாறினால் புளி எங்கே என்று தேட வேண்டும். தெரு மாறினால் கடையே காணோம். மூன்றையும் ஒரே இரவில் செய்தால், பழைய வாடிக்கையாளர் வந்து நின்று, கடை மூடிவிட்டது என்று நினைத்துத் திரும்பிப் போவார்.

விக்கிமீடியா அறக்கட்டளை 2003-இல் தொடங்கப்பட்டது. இந்த மூன்று வேலைகளையும் அது வெவ்வேறு ஆண்டுகளில் கையில் எடுத்தது. அதனால்தான் அது நமக்கு நல்ல பாடம். ஒவ்வொன்றையும் தனித்தனியாக எடைபோட முடிகிறது.

2018: வீடு மாறியது

விக்கிப்பீடியா வேறு, அதை நடத்தும் அறக்கட்டளையின் சொந்தத் தளம் வேறு. அறக்கட்டளையின் தளமும் பல ஆண்டுகள் ஒரு விக்கியாகவே இருந்தது. வாரியத் தீர்மானங்கள், கொள்கைகள், கூட்டக் குறிப்புகள் எல்லாம் அதில் இருந்தன. உள்ளே இருப்பவருக்கு வசதி. புதிதாக வரும் நன்கொடையாளரோ செய்தியாளரோ வந்தால், கதவைத் திறந்ததும் கிடங்குக்குள் நிற்பதுபோல இருக்கும்.

2018-இல் அந்தத் தளம் வேர்ட்பிரஸ் என்ற மென்பொருளுக்கு மாறியது. இங்கே கவனிக்க வேண்டியது பழைய தளத்துக்கு என்ன ஆனது என்பதை. அதை அழிக்கவில்லை. வேறொரு முகவரியில் ஆளுமை ஆவணங்களுக்கான விக்கியாக வைத்துக்கொண்டார்கள். ஒரு பழைய தீர்மானத்தைப் படிக்க வேண்டும் என்றால் இன்றும் படிக்கலாம். வரவேற்பறை புதிது, ஆவண அறை அப்படியே.

இதில் எனக்கு ஒரு குறையும் உண்டு. யார் வேண்டுமானாலும் எழுதலாம், திருத்தலாம் என்பதை உலகுக்குச் சொன்ன இயக்கம், தன் முகப்பை மட்டும் வாசகர் கை வைக்க முடியாத மென்பொருளில் வைத்தது முரண்தானே? பழைய தளத்திலும் எல்லாருக்கும் எழுதும் உரிமை இருக்கவில்லை என்பது உண்மை. அறிமுகப் பக்கத்துக்குத் தேவை தெளிவு, விவாதத்துக்கு வேறு இடம் உண்டு என்று அவர்கள் சார்பாகவும் வாதிடலாம். அந்த வாதத்தை ஏற்கிறேன். ஆனாலும் ஓர் அமைப்பின் கருவிகூட அதன் கொள்கையைப் பேசும் என்பதை மாணவர்கள் கவனிக்க வேண்டும்.

2020: பெயர் மாறவில்லை

அடுத்தது பெயர். "விக்கிமீடியா" என்றால் பலருக்குத் தெரியாது. "விக்கிப்பீடியா" என்றால் எல்லாருக்கும் தெரியும். அப்படியிருக்க, தெரிந்த பெயரையே அறக்கட்டளைக்கும் வைத்தால் என்ன? இந்த எண்ணத்தோடு உல்ஃப் ஒலின்ஸ் என்ற அடையாள வடிவமைப்பு நிறுவனத்தின் துணையுடன் வேலை நடந்தது. 2020-ஆம் ஆண்டின் நடுவில் மூன்று பெயர்கள் முன்வைக்கப்பட்டன. மூன்றிலும் "விக்கிப்பீடியா" இருந்தது.

தொண்டூழியர்கள் எதிர்த்தார்கள். பலரும் பல அமைப்புகளும் சேர்ந்து திறந்த மடல் எழுதினார்கள். காரணங்களைப் பாருங்கள், அவற்றில் நமக்கும் பங்கு உண்டு. விக்கிப்பீடியா மட்டுமா அங்கே இருக்கிறது? விக்சனரி அகராதி இருக்கிறது. நாட்டுடைமையாக்கப்பட்ட தமிழ் நூல்களை எழுத்தெழுத்தாகச் சரிபார்த்து ஏற்றும் விக்கிமூலம் இருக்கிறது. படங்களுக்குப் பொதுவகம் இருக்கிறது. அங்கே உழைப்பவர்களின் வேலை எல்லாம் மூத்த பிள்ளையின் பெயரில் மறைந்துபோகும் என்பது ஒரு கவலை. கட்டுரைகளை எழுதுவது தொண்டூழியர்கள், அறக்கட்டளை எழுதுவதில்லை. பெயர் ஒன்றானால் இரண்டும் ஒன்று என்று உலகம் நினைத்துவிடும் என்பது இன்னொரு கவலை.

எதிர்ப்புக்கு வழிமுறையும் காரணம். பெயர்களைப் பற்றிக் கருத்துக் கேட்ட படிவத்தில், "இப்போதுள்ள பெயரே இருக்கட்டும்" என்று சொல்ல நேரடியான இடம் இல்லை என்பது தொண்டூழியர்களின் முக்கியக் குறை. தேர்வு எழுதுபவர்களுக்கு இது உடனே புரியும். அ, ஆ, இ மூன்றும் தவறாகப் படுகிறது; "மேற்கூறிய எதுவுமில்லை" என்ற விடையும் இல்லை. என்ன செய்வீர்கள்? தாளின் ஓரத்தில் எழுதுவீர்கள். அந்தத் திறந்த மடல் அப்படித் தாளின் ஓரத்தில் எழுதியதுதான். முடிவில் வாரியம் பெயர்மாற்றத்தை நிறுத்திவைத்தது. இன்றும் அது விக்கிமீடியா அறக்கட்டளையே.

ஃபயர்ஃபாக்ஸ் உலாவியைத் தரும் மொசில்லா வேறு வழியில் போனது. 2016-இல் தன் புதிய சின்னத்துக்கான வேலையைப் பொதுவெளியிலேயே நடத்தி, முதல் யோசனைகளை எல்லாருக்கும் காட்டிக் கருத்துக் கேட்டது. 2017 ஜனவரியில் முடிவான சின்னத்தில், இணைய முகவரியில் வரும் முக்காற்புள்ளியும் இரண்டு சாய்கோடும் பெயருக்குள்ளேயே அமர்ந்தன. அந்தச் சின்னம் எல்லாருக்கும் பிடித்ததா என்பது வேறு கேள்வி. கேட்டுவிட்டு முடிவெடுத்தார்கள். கேட்பதற்கும் கேட்பதுபோல் காட்டுவதற்கும் உள்ள தூரம்தான் இந்தப் பகுதியின் பாடம்.

2023: முகம் மாறியது

மூன்றாவது தோற்றம். 2010 முதல் பழகிய விக்கிப்பீடியாவின் முகம், ஆங்கிலத்தில் 2023 ஜனவரி 18 அன்று மாறியது. புதிய வடிவத்தின் பெயர் வெக்டர் 2022. ஒரே நாளில் எல்லா மொழிக்கும் இறக்கிவிடவில்லை. பிரெஞ்சு, ஹீப்ரு, பாரசீகம், பாஸ்க் போன்ற மொழிகளில் 2020 முதலே முன்னோட்டம் பார்த்தார்கள்.

என்ன மாறியது? வரியின் நீளத்துக்கு எல்லை வைத்தார்கள். மிக நீண்ட வரியில் கண் அடுத்த வரியின் தொடக்கத்தைத் தவறவிடும் என்பது காரணம். செய்தித்தாளில் பத்தி பத்தியாக அச்சிடுவதும் இதனால்தானே! உள்ளடக்கப் பட்டியல் இடப்பக்கம் வந்து, நாம் கீழே இறங்கினாலும் கூடவே வருகிறது. நீண்ட கட்டுரையில் எங்கே நிற்கிறோம் என்று தெரிகிறது.

எதிர்ப்பு இங்கேயும் வந்தது. அகலத் திரையில் இரு பக்கமும் வெள்ளையாகக் கிடக்கிறதே என்றார்கள். அகலத்தைக் கூட்டிக் குறைக்க ஒரு பொத்தான் வந்தது. பழையதுக்கே திரும்பலாமா என்று தொகுப்பாளர்களிடையே நீண்ட விவாதம் நடந்தது. ஒருமித்த முடிவு எட்டவில்லை, புதியதே நிலைத்தது. பழைய முகம்தான் வேண்டும் என்பவர், கணக்கில் நுழைந்து விருப்பத்தேர்வில் அதையே வைத்துக்கொள்ளலாம்.

என் குறை வேறு இடத்தில். முன்பு இடப்பக்கத்தில் மொழிகளின் பெயர்கள் எழுத்திலேயே தெரியும். ஆங்கிலக் கட்டுரை படிக்கும் மாணவர் கண்ணில் "தமிழ்" என்ற சொல் தானாகப் படும். இப்போது தலைப்பின் பக்கத்தில் ஒரு பொத்தான், அதில் எத்தனை மொழி என்ற எண்ணிக்கை. அழுத்தினால்தான் தமிழ் தெரியும். தலைப்புக்குப் பக்கத்தில் வந்தது முன்னேற்றம் என்று வடிவமைத்தவர்கள் சொல்லலாம், மொழி மாற்ற நினைத்து வருபவருக்கு அது சரிதான். நினைக்காமல் வருபவர்தான் என் மாணவர். "ஓ, இது தமிழ்லயும் இருக்கா?" என்று தற்செயலாகக் கண்டுபிடிக்கும் வாய்ப்பு குறைந்துவிட்டது. வீட்டில் ஆங்கிலம் பேசும் பிள்ளைகளிடம் தமிழ் போய்ச் சேருவது பல நேரம் இப்படித் தற்செயலாகத்தான். சிறிய மொழிக்கு ஒரு சொடுக்குக்கூடப் பெரிய தூரம்.

ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். இத்தனை மாற்றத்திலும் ஒரு கட்டுரையின் முகவரிகூட அதனால் மாறவில்லை. ஐந்து ஆண்டுக்கு முன் நான் பயிற்சித்தாளில் போட்ட இணைப்பு இன்றும் திறக்கிறது.

பழைய கதவில் ஒரு சீட்டு

விக்கி மென்பொருளில் எனக்கு மிகவும் பிடித்த குணம் ஒன்று உண்டு. ஒரு கட்டுரையின் தலைப்பை மாற்றினால், பழைய தலைப்பில் வழக்கமாக ஒரு வழிமாற்று தானாக நிற்கும். ஆங்கில விக்கிப்பீடியாவில் பம்பாய் என்று தேடிப் போனால் மும்பை பக்கத்தில் கொண்டுபோய் விடும். பெயர் மாறியதற்காகப் பழைய பெயரில் வருபவரைத் தண்டிப்பதில்லை.

இதற்குப் பொதுவான தொழில்நுட்பமும் உண்டு. வீடு மாறும்போது அஞ்சலகத்தில் புதிய முகவரியைச் சொல்லிவைத்தால் கடிதம் பின்னாலேயே வருமே, அதுபோல. "இந்தப் பக்கம் நிரந்தரமாக இங்கே போய்விட்டது" என்று உலாவிக்குச் சொல்லும் எண் 301. "அப்படி ஒன்று இங்கே இல்லை" என்று சொல்லும் எண் 404. பொறுப்பான இடமாற்றத்தில் முதலில் எல்லாப் பக்கங்களையும் கணக்கெடுப்பார்கள். எது வேண்டும், எது வேண்டாம், எதை எதோடு சேர்ப்பது என்று முடிவு செய்வார்கள். பிறகு ஒவ்வொரு பழைய முகவரிக்கும் எதிரே அதற்குரிய புதிய முகவரியை எழுதுவார்கள். அலுப்பான வேலை. யாரும் கைதட்டாத வேலை. புதிய சின்னத்தின் அறிமுக விழாவில் இந்தப் பட்டியலைத் திரையில் காட்ட மாட்டார்கள்.

பாட்டியின் பதிவு இருந்த தளம் இந்த வேலையைச் செய்யவில்லை. எல்லாப் பழைய இணைப்பையும் முகப்புக்குத் திருப்பிவிட்டது. இது 404-ஐவிட மோசம் என்பேன். 404 "இல்லை" என்று நேர்மையாகச் சொல்கிறது. முகப்புக்குத் திருப்புவது, வீடு தேடி வந்தவரிடம் விளம்பரத் தாளைக் கொடுத்து அனுப்புவது.

உலகளாவிய வலையை உருவாக்கிய டிம் பெர்னர்ஸ்-லீ 1998-லேயே இதைப் பற்றி ஒரு சிறு கட்டுரை எழுதினார். முகவரிகள் தாமாக மாறுவதில்லை, மனிதர்கள்தான் மாற்றுகிறார்கள் என்பதே அதன் சாரம். அவருடைய முதல் தளமே பின்னாளில் பழைய முகவரியில் காணாமல் போயிருந்தது. செர்ன் ஆய்வகம் 2013-இல் அதை அங்கேயே மீண்டும் ஏற்றிவைத்தது.

தமிழுக்கு இது புதிதல்ல

சிங்கப்பூரில் இருக்கும் நமக்கு இதில் தனி அக்கறை வேண்டும். 1995-இல் சிங்கப்பூர்க் கவிதைத் தொகுப்பு ஒன்று இணையத்தில் ஏறியபோது, அதில் தமிழும் இருந்தது. அதற்குப் பின்னால் உழைத்தவர்களுள் ஒருவர் எழுத்தாளரும் விரிவுரையாளருமான நா. கோவிந்தசாமி. 1997-இல் தமிழ் இணைய மாநாடு இங்கேதான் நடந்தது.

அக்காலத் தளங்கள் ஆளுக்கொரு குறியீட்டில் எழுதப்பட்டன. பின்பு எல்லாம் யூனிகோடுக்கு வந்தன. ஒரு தமிழ்த் தளம் இடம் மாறியபோது முகவரியோடு எழுத்தையும் மாற்ற வேண்டியிருந்தது. மாற்றாமல் விட்டவை இன்று படிக்க முடியாத குறிகளாக நிற்கின்றன. 1998-இல் தொடங்கிய மதுரைத் திட்டம் அந்தச் சுமையைச் சுமந்து, தன் நூல்களை யூனிகோடுக்குக் கொண்டுவந்தது. அதனால்தான் இன்று அவற்றை நம்மால் படிக்க முடிகிறது.

இன்னொரு நல்ல எடுத்துக்காட்டும் தமிழிலேயே உண்டு. 2001-இல் தொடங்கிய தமிழ் இணையப் பல்கலைக்கழகம் பின்னர் தமிழ் இணையக் கல்விக்கழகம் என்று பெயர் மாறியது. அதன் தள முகவரியைப் பாருங்கள்: "தமிழ்" என்பதை அடுத்து வி, யூ என்ற இரண்டு எழுத்துகள். பழைய ஆங்கிலப் பெயரின் முதலெழுத்துகள். பெயர் போனாலும் முகவரி தங்கியது. பார்க்கப் பொருத்தமில்லைதான். ஆனால் பழைய முகவரியைத் தெரிந்தவர் இன்றும் அதே கதவைத் தட்டலாம்.

என் தீர்ப்பு

விக்கிமீடியாவின் மூன்று வேலைகளில் தோற்ற மாற்றத்துக்கு அதிக மதிப்பெண் கொடுப்பேன். மெதுவாகச் செய்தார்கள், குறை கேட்டுத் திருத்தினார்கள், பழையதை விரும்புவோருக்கு இடம் விட்டார்கள். மொழிப் பொத்தானுக்காகக் கொஞ்சம் கழிப்பேன். 2018 இடமாற்றத்துக்கு நடுத்தர மதிப்பெண். ஆவணங்களைக் காத்தது அதன் பலம். பெயர் மாற்றத்தில் கேள்வித்தாளே பிழை. ஆனால் தவறு என்று தெரிந்ததும் நிறுத்தினார்களே, அதற்கு ஒரு மதிப்பெண் கட்டாயம் உண்டு.

எதிர்வாதத்தையும் சொல்லிவிடுகிறேன். எல்லாப் பழைய பக்கத்தையும் தூக்கிக்கொண்டு போக வேண்டுமா? வேண்டாம். காலாவதியான அறிவிப்பு, தவறான மருத்துவக் குறிப்பு, ஒருவரின் தனிப்பட்ட விவரம் இவற்றை நீக்குவதே பொறுப்பு. சிறிய அமைப்புகளுக்குப் பணமும் ஆளும் குறைவு என்பதும் உண்மை. ஆனால் "நீக்குகிறோம், வேண்டியவர்கள் எடுத்துக்கொள்ளுங்கள்" என்று ஒரு மாதம் முன்பு மின்னஞ்சல் அனுப்பப் பெரிய செலவில்லை. அடையாளத்தோடு பொருந்தவில்லை என்ற சொல்தான் என்னை உறுத்துகிறது. ஓர் அமைப்பின் அடையாளம் அதுவரை அதற்கு வேலை செய்தவர்களும் அதை நம்பிப் பேசியவர்களும் இல்லாமல் வேறு என்ன?

வகுப்பறைக்கு

உயர்தமிழ் மாணவர்களுக்கு இதைக் கருத்துரைக் கட்டுரையாகக் கொடுக்கலாம். மின்னஞ்சல் எழுதும் பகுதிக்கும் பொருந்தும்: "உங்களுக்குப் பயன்பட்ட ஓர் இணையத்தளம் மாற்றப்பட்டுவிட்டது. அதன் பொறுப்பாளருக்கு உங்கள் கருத்தைத் தெரிவித்து எழுதுக." கலந்துரையாட நான்கு கேள்விகள்:

1. பெயர், தோற்றம், முகவரி ஆகிய மூன்றில் எதை மாற்றினால் பயனாளருக்கு அதிகப் பாதிப்பு? ஏன்?
2. கருத்துக் கேட்கும் படிவம் நேர்மையானதா என்று எப்படிக் கண்டறிவீர்கள்?
3. பழைய பக்கங்களை நீக்குவது எப்போது சரி, எப்போது தவறு?
4. உங்கள் பள்ளியின் இணையத்தளத்தில் தமிழ்ப் பகுதிக்குப் போக எத்தனை சொடுக்கு? அது போதுமா?

பயன்படும் சொற்கள்: மறுவடிவமைப்பு, இடமாற்றம், வழிமாற்று, உள்ளடக்கம், பயனாளர், ஆவணகம், ஒருமித்த முடிவு.

ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். ஒலிப்பதிவோ காணொளியோ, நீங்கள் நம்பியிருக்கும் வளத்துக்கு உரிமையாளரின் அனுமதி பெற்று ஒரு படி உங்களிடம் வைத்திருங்கள். மாணவர் ஆக்கமாக இருந்தால் மூலக்கோப்பு பள்ளியிலும் இருக்கட்டும். நான் வைத்திருக்கவில்லை. "அதான் வெப்சைட்ல இருக்கே" என்று விட்டுவிட்டேன். குறை சொல்லும்போது என் பங்கையும் சொல்ல வேண்டும் அல்லவா?

அந்த மாணவி என்ன செய்தாள் என்று கேட்பீர்கள். ஆவணகத்தில் கிடைத்த எழுத்தை அச்சிட்டு வீட்டுக்கு எடுத்துப் போனாள். பாட்டி இருக்கிறார், முன்புபோல நீளமாகப் பேச முடிவதில்லை. பேத்தி வாசிக்க வாசிக்க, பாட்டி இடையிடையே திருத்தியிருக்கிறார்: "இப்படியா நான் சொன்னேன்?" அதைக் கைபேசியில் பதிந்துகொண்டு வந்தாள். இம்முறை எனக்கு ஒரு படி, அவளுக்கு ஒரு படி, பள்ளிக்கு ஒரு படி.